"எங்கள் நாய் ஒன்றும் செய்யாது!"

நாயோடு உலாவப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பயப்படாதீர்கள். எங்கள் நாய் ஒன்றும் செய்யாது!"

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. சொல்லாதவர்கள் மிகவும் குறைவு.

ஆனால், நாய் வளர்க்கும் இரண்டு பேருக்குள் சண்டை மூளுவதற்கும் பல சமயம் இந்த வார்த்தைதான் காரணமாக இருக்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? மேலே படியுங்கள்.

காலை மணி 6. தெருவில் பால்காரர் போகிறார். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். நாயை அழைத்துக்கொண்டு உலாவக் கிளம்புகிறவர்களுக்கும் இதுதான் நேரம். வெயில் ஏறிவிட்டால் தார் ரோடு சுடும். நாயின் பாதம் வெந்துவிடும்.

ஒருவர் கையில் ராஜபாளையம் நாய். வெள்ளை வெளேர் என்று, கன்றுக்குட்டி உயரம். எதிரே ஓர் அம்மாள் வருகிறார். அவர் கையில் ஒரு பொமரேனியன். பஞ்சு மூட்டை போல இருக்கிறது.

ராஜபாளையம் நாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த அம்மாள் பின்வாங்குகிறார்.

"ஒன்றும் செய்யாதம்மா! விளையாடத்தான் வருகிறது" என்கிறார் நாயின் சொந்தக்காரர்.

அவர் சொல்வது பொய் அல்ல. அவருடைய நாய் விளையாடத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பொமரேனியன் போன மாதம்தான் வேறொரு நாயிடம் கடிபட்டது. அது அவருக்குத் தெரியாது. சின்ன நாய் பயந்துபோய் முதலில் கடிக்கிறது. பெரிய நாய் திருப்பிக் கடிக்கிறது. அரை நிமிஷம்தான். சின்ன நாயின் கழுத்தில் ரத்தம். அம்மாளின் கையிலும் ரத்தம்.

அன்று முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்வதில்லை. பத்து வருஷம் பழகிய பழக்கம், அரை நிமிஷத்தில் போய்விடுகிறது.

இது ஏதோ ஒரு தெருவில் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. எங்கெல்லாம் இரண்டு பேர் நாயோடு உலாவப் போகிறார்களோ, அங்கெல்லாம் நடக்கக்கூடியது.

இதைத் தடுக்க முடியாதா? முடியும். இரண்டு நாய்களும் சந்திப்பதற்கு முன்னால், இரண்டு மனிதர்களும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும்.

நாய்களின் வணக்கம்

நாம் ஒருவரை ஒருவர் சந்தித்தால் கை கூப்புகிறோம். "சௌக்கியமா?" என்று கேட்கிறோம். நாய்களுக்கும் இப்படி ஒரு முறை உண்டு.

பழக்கமில்லாத இரண்டு நாய்கள் திறந்தவெளியில் சந்திப்பதைக் கவனித்துப் பாருங்கள். அவை நேருக்கு நேராக நடந்து வருவதில்லை. வளைந்து, ஒதுங்கி வரும். ஒன்றை ஒன்று முறைத்துப் பார்க்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் நின்று தரையை முகரும். அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் வந்து, ஒன்றின் பின்புறத்தை மற்றொன்று முகர்ந்து பார்க்கும்.

நமக்கு அது அருவருப்பாகத் தோன்றும். நாய்க்கு அதுதான் மரியாதை!

ஏன் தெரியுமா? நாய் உலகத்தைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அதிகம் அறிகிறது. மனிதனின் மூக்கில் வாசனையை உணரும் நுண்ணிய உறுப்புகள் 50 அல்லது 60 லட்சம் இருக்கும். நாயின் மூக்கிலோ அவை 20 கோடிக்கும் மேல்! எதிரே வந்திருப்பது ஆணா, பெண்ணா, நோயாளியா, பயந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

இப்போது நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். குறுகிய தெரு. நாயின் கழுத்தில் சங்கிலி. நாம் நேராக இழுத்துக்கொண்டு போகிறோம். எதிரே வருகிறவரும் நேராக வருகிறார். இரண்டு நாய்களும் முகத்தோடு முகம் மோதுகிற மாதிரி நிறுத்தப்படுகின்றன. ஒதுங்க இடமில்லை. ஓட வழியில்லை.

நாயின் பாஷையில், நேராக வந்து முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது போல. அழைப்பை விடுத்தது நாய் அல்ல, நாம்தான்!

ஆகவே எதிரே ஒரு நாய் வந்தால், சற்று வளைந்து ஒதுங்கிப் போங்கள். தெருவின் மறுபக்கம் போக முடிந்தால் இன்னும் நல்லது. இதில் அவமானம் எதுவும் இல்லை. பெரிய மனிதர் எதிரே வந்தால் வழிவிடுகிறோமே, அந்த மாதிரிதான்.

வால் ஆட்டினால் நட்பா?

"வாலை ஆட்டுகிறதே! சிநேகமாகத்தான் இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் உண்டு.

வால் ஆட்டும் நாய் எல்லாம் நட்பாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. உடம்பு முழுவதும் தளர்ந்து, இடுப்போடு சேர்த்து வாலை ஆட்டினால் அது மகிழ்ச்சி. உடம்பு விறைத்து நிற்க, வால் மட்டும் மேலே நிமிர்ந்து படபடவென்று ஆடினால் அது எச்சரிக்கை.

இதிலே ஒரு வேடிக்கை. 2007-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாயின் வாலைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். தன் எஜமானரைப் பார்க்கும்போது, நாயின் வால் அதன் வலது பக்கமாக அதிகம் ஆடியது. பழக்கமில்லாத, மிரட்டும் நாயைப் பார்த்தபோது, இடது பக்கமாக அதிகம் ஆடியது!

தெருவில் நின்று வலதா, இடதா என்று பார்த்துக்கொண்டிருக்க நமக்கு நேரம் இருக்காது. அதைவிடச் சுலபமான அடையாளங்கள் இருக்கின்றன.

நாய் வாயை இறுக மூடிக்கொள்கிறதா? முதுகு மயிர் சிலிர்க்கிறதா? கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரக்கண்ணால் பார்க்கிறதா? வாலைக் கால் இடுக்கில் செருகிக்கொள்கிறதா? தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுகிறதா? உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா?

இவற்றில் எதைக் கண்டாலும், "இந்தச் சந்திப்பு வேண்டாம்" என்று நாய் சொல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் நாய் சொன்னாலும் சரி, எதிரே நிற்கும் நாய் சொன்னாலும் சரி, அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று ஒரு பழமொழி இருக்கிறது. அந்தப் பழமொழி நாய்க்குத் தெரியாது! பயத்தில் குரைக்கிற நாயும் கடிக்கும்.

முதலில் கேளுங்கள்

நாயோடு உலாவப் போகிறவர்களுக்கு வேண்டிய மரியாதைகளில் முதலாவது இதுதான்.

பத்தடி தூரத்திலேயே நின்றுவிடுங்கள். உங்கள் நாயைப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்:

"சார், என் நாய் பக்கத்தில் வரலாமா?"

"வரலாம்" என்று அவர் சொன்னால் போங்கள். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் போகாதீர்கள். "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே போகாதீர்கள்.

"ஒன்றும் செய்யாது" என்பது உங்கள் நாயைப் பற்றிய செய்தி. அவருடைய நாய் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாதே! அது அவருக்குத்தான் தெரியும். அதனால்தான் கேட்க வேண்டும்.

இரண்டு நாய்களும் சந்திக்கும்போது சங்கிலியைத் தளர்த்திப் பிடியுங்கள். மூன்று நான்கு விநாடி முகரட்டும். பிறகு, "வா, போகலாம்" என்று இனிமையாகச் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். முதல் சந்திப்பு சிறியதாக இருப்பதே நல்லது. நாளைக்கு மறுபடியும் சந்திக்கலாம்.

"வேண்டாம்" என்றால்?

"வேண்டாம், சார்" என்று எதிரே வந்தவர் சொல்கிறார். உடனே சிலருக்கு முகம் சிவந்துவிடுகிறது. "என் நாய் என்ன, அவ்வளவு மட்டமா?" என்று நினைக்கிறார்கள்.

அப்படி நினைக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ காரணங்கள் இருக்கலாம்.

அந்த நாய்க்கு ஆபரேஷன் ஆகித் தையல் பிரிக்காமல் இருக்கலாம். வயதாகி மூட்டு வலியோடு நடக்கலாம். கண் தெரியாமல் இருக்கலாம். பெண் நாய் பருவத்துக்கு வந்திருக்கலாம். முன்பு கடிபட்ட பயம் போகாமல் இருக்கலாம். தடுப்பூசி போட்டு முடியாத குட்டியாக இருக்கலாம்.

குட்டி விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். பார்வோ என்று ஒரு நோய் இருக்கிறது. ரத்தமும் பேதியுமாகப் போகும். குட்டிகளைக் கொன்றுவிடும். நோய் கண்ட நாயின் மலத்தில் இருக்கும் கிருமி, மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தடுப்பூசி போட்டு முடிக்காத குட்டியைத் தெரு நடுவே மற்ற நாய்களோடு விடுவது, அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

மேல்நாடுகள் சிலவற்றில் இதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். மற்ற நாய்கள் நெருங்குவதை விரும்பாத நாயின் சங்கிலியில் மஞ்சள் ரிப்பன் கட்டிவிடுகிறார்கள். மஞ்சளைக் கண்டதும் மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். நம் ஊரில் மஞ்சள் மங்கலத்துக்கு அடையாளம். யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆகவே நாம் வாயால் சொல்லிவிடுவதே நல்லது.

"மன்னிக்கணும் சார், இது கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றால் தீர்ந்தது. "சரிங்க" என்று சொல்லி ஒதுங்கினால் அதுவும் தீர்ந்தது. இருவர் பெருமையும் குறையாது.

சங்கிலி யார் கையில்?

சங்கிலி பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது.

நாலு அல்லது ஐந்தடி நீளம் உள்ள வார் அல்லது சங்கிலி போதும். இழுக்க இழுக்க நீளும் வார் ஒன்று கடைகளில் விற்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்துக்கு அது சரி. தெருவுக்கு ஆகாது. நாய் பதினைந்தடிக்கு அப்பால் ஓடிவிடும். இழுத்துப் பிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். அந்த மெல்லிய கயிறு சைக்கிளில் வருகிறவர் கழுத்திலோ காலிலோ சிக்கினால் ஆபத்து.

எதிரே நாய் வரும்போது சங்கிலியை "வெடுக்" என்று இழுக்கிறவர்கள் அதிகம். அதுவும் தப்பு. கழுத்து இறுகியதும் நாய் என்ன நினைக்கிறது? "அந்த நாயைப் பார்த்தாலே எனக்கு வலிக்கிறது. அது கெட்ட நாய்!" என்று நினைத்துவிடுகிறது. எஜமானர் பயப்படுகிறார் என்பதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த தடவை பார்த்தவுடனேயே குரைக்கிறது.

இழுக்காமல், பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் துண்டைக் காட்டித் திருப்புங்கள். சில நாளில் பழகிவிடும்.

எட்டு வயதுப் பையன் கையில் ராட்வைலர் நாயைக் கொடுத்து அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். பையனுக்குப் பெருமை, பெற்றவர்களுக்கும் பெருமை. நாய் இழுத்தால் பையன் என்ன செய்வான்? நாயைப் பிடித்து நிறுத்தும் பலம் உள்ளவர்தான் அதை அழைத்துப் போக வேண்டும்.

இன்னொன்று. பல வீடுகளில் நாயை அழைத்துப் போவது வீட்டுக்காரர் அல்ல. வேலைக்காரரோ, காவல்காரரோ அழைத்துப் போகிறார். ஏதாவது நடந்தால் ஏச்சும் பேச்சும் அவருக்கு! நாய்க்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டால் பாயும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் நீங்களும் கூடவே நடந்து, சொல்லிக் கொடுங்கள். எதிரே வருகிற நாய்க்காரர்களும் அவரை மரியாதையாக நடத்த வேண்டும். சங்கிலி அவர் கையில் இருக்கும்போது, கேட்க வேண்டியது அவரிடம்தான்.

சின்ன நாய் செய்தால் குற்றம் இல்லையா?

பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அது நியாயமான குறை.

பெரிய நாய் ஒரு தடவை உறுமினால் தெருவே கூடிவிடுகிறது. சின்ன நாய் பத்துத் தடவை பாய்ந்து பாய்ந்து குரைத்தாலும், "பார், எவ்வளவு தைரியம்!" என்று சிரிக்கிறார்கள். சங்கிலியை விட்டுவிட்டுக்கூட வருகிறார்கள்.

பெரிய நாய் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? கடைசியில் அது ஒரு கடி கடித்தால், பழி முழுவதும் அதன் தலையில்! ஆரம்பித்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சின்ன நாயானாலும் சங்கிலி வேண்டும். சின்ன நாயானாலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடிபட்டால் அதிகம் கஷ்டப்படப்போவது சின்ன நாய்தானே!

சங்கிலியில் கட்டிய நாயிடம் கட்டாத நாய் ஓடி வருவதும் பெரிய தொல்லை. கட்டிய நாய்க்கு ஓட வழி இல்லை. அதனால் அது சண்டைக்குத் தயாராகிவிடும். கடற்கரை ஆனாலும், காலி மைதானம் ஆனாலும், கட்டிய நாயைத் தூரத்தில் கண்டவுடன் உங்கள் நாயையும் கூப்பிட்டுக் கட்டிவிடுங்கள். கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்துவிடவே கூடாது.

தெருநாய் வந்தால்

மேல்நாட்டில் இல்லாத ஒரு விஷயம் நமக்கு உண்டு. அதுதான் தெருநாய்.

தெருநாய்களுக்கு எல்லை இருக்கிறது. வேறு நாய் வந்தால் கூட்டமாக வந்து குரைக்கும். அப்போது ஓடக் கூடாது. கல்லை எறியக் கூடாது. உங்கள் நாயை உங்களுக்கு மறுபக்கம் மாற்றிக்கொண்டு, நிதானமாக நடந்து அவற்றின் எல்லையைத் தாண்டிவிடுங்கள். தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதிலும் நாய் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம். "அந்தச் சந்துப் பக்கம் போகாதீர்கள். குட்டி போட்ட நாய் இருக்கிறது" என்று எதிரே வருகிறவருக்குச் சொல்லலாமே! காசு செலவில்லாத உதவி.

சுத்தம் யார் பொறுப்பு?

நாய் மலம் கழிக்கும்போது, சிலர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாய் தங்களுடையது அல்ல என்பது போல!

காலையில் கோலம் போட்ட வாசலில் அது கிடந்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? செருப்பு இல்லாமல் நடக்கும் குழந்தை மிதித்தால் என்ன ஆகும்?

இது அசிங்கம் மட்டும் அல்ல. நாயின் மலத்தில் வயிற்றுப் பூச்சிகளின் முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் குழந்தைகளின் வயிற்றுக்குள் போகும். பார்வோ நோய் மற்ற நாய்களுக்குப் பரவுவதும் இப்படித்தான்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், 1978-ம் ஆண்டில் இதற்காக ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாயை அழைத்து வருகிறவர்தான் மலத்தை எடுக்க வேண்டும், தவறினால் அபராதம். ஆரம்பத்தில் பலர் சிரித்தார்கள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. மற்ற நகரங்களும் பின்பற்றின.

நமக்கு இரண்டு பழைய செய்தித்தாள் துண்டும் ஒரு பையும் போதும். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் எடுப்பதைப் பார்த்தால், பின்னால் வருகிறவரும் எடுப்பார். ஒருவர் எடுக்காவிட்டால், நாய் வளர்க்கிற எல்லோருக்கும் கெட்ட பெயர்.

சண்டை மூண்டுவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் சண்டை வந்துவிடும். அப்போது என்ன செய்வது?

நடுவில் கையை விடாதீர்கள். முகத்தைக் கொண்டு போகாதீர்கள். வெறியில் இருக்கும் நாய்க்கு, எஜமானர் கை எது, எதிரியின் காது எது என்று தெரியாது. கடித்த நாயைத் தடியால் அடித்தால் பிடி இன்னும் இறுகும்.

பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தால் முகத்தில் வீசுங்கள். பெரிய சத்தம் எழுப்புங்கள். பிரிந்தவுடன் இரண்டு பேரும் இரண்டு திசையில் நாயை இழுத்துக்கொண்டு போய்க் கட்டுங்கள்.

பிறகுதான் முக்கியமான காரியம். "உன் நாயா, என் நாயா?" என்று அங்கேயே வாதம் செய்யாதீர்கள். நாயை நன்றாகத் தடவிப் பாருங்கள். மயிருக்குள் பல் பதிந்த காயம் வெளியே தெரியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் நாய் கடித்திருந்தால், நீங்களே உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுங்கள். தடுப்பூசிச் சீட்டைக் காட்டுங்கள். வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மறுநாள் போய், "எப்படி இருக்கிறது?" என்று விசாரியுங்கள். நாய் கடித்ததைவிட, கடித்த நாயின் சொந்தக்காரர் நழுவிப் போனதுதான் பலருக்கு அதிகம் வலிக்கிறது.

மனிதருக்குக் கடி பட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரிலே சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் அப்பக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்துவிட்டால், பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் நோய் தெரிவதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். இந்த ஊசியை முதன்முதலில் 1885-ல், பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், நாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குப் போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-ல் ஏற்பட்ட நிலையம், எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, உங்களோடு உலாவ வருகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

சட்டம் என்ன சொல்கிறது?

மரியாதை இல்லாத இடத்தில் சட்டம் நுழைகிறது.

2024 மே மாதத்தில், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில், 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. வளர்ப்பு நாய்கள்தான்! நாடே பதறியது. சிறுமிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அதன் பிறகு மாநகராட்சி கண்டிப்பு காட்டியது. பொது இடத்தில் நாய்க்குச் சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும் என்றது. உரிமம் பெற வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. உரிமம் வேண்டுமானால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 291-வது பிரிவு இருக்கிறது. தன் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு, 6 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

அதே சமயம், நாய் வளர்ப்பவர்களுக்கும் உரிமை உண்டு. அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கங்கள் தடை போட முடியாது என்று, இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட அறிவுரையில் கூறியிருக்கிறது. இந்த வாரியம் 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் ஏற்பட்டது. உரிமையைச் சொன்ன வாரியம், பொது இடத்தில் நாயைக் கட்டி அழைத்துப் போகும்படியும், சுத்தம் காக்கும்படியும் சேர்த்தே சொல்லியிருக்கிறது.

லிஃப்டில் போகும்போது இதை நினைவில் வையுங்கள். உள்ளே ஒருவர் நாயோடு நின்றால், நீங்கள் அடுத்த தடவை போங்கள். நாலு சுவருக்குள் இரண்டு நாய்கள் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் ஏது? நாயைக் கண்டு பயப்படுகிறவர் நின்றால், அவர் முதலில் போகட்டும்.

நினைவில் வையுங்கள்

1. பத்தடி தூரத்தில் நின்று, "வரலாமா?" என்று கேளுங்கள்.

2. "வேண்டாம்" என்றால் கோபிக்காமல் ஒதுங்குங்கள்.

3. நேருக்கு நேர் மோதவிடாமல், வளைந்து போங்கள்.

4. சங்கிலி குட்டையாக இருக்கட்டும். ஆனால் இறுக்கி இழுக்காதீர்கள்.

5. பிறர் நாய்க்கு, சொந்தக்காரரைக் கேட்காமல் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

6. உங்கள் நாய் போட்டதை நீங்களே எடுங்கள்.

7. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். நாய் தப்பி ஓடினால் கண்டவர் கூப்பிடுவார். இங்கிலாந்தில் 1992-ம் ஆண்டு உத்தரவுப்படி, பொது இடத்துக்கு வரும் நாயின் பட்டையில் சொந்தக்காரர் பெயரும் விலாசமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

8. தடுப்பூசி போடும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நாயால் வரும் நட்பு

நாயால் சண்டை வருவதைத்தான் இதுவரை பார்த்தோம். நாயால் நட்பும் வரும்.

ஒரே தெருவில் பல வருஷம் இருந்தும், பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்! நாயோடு உலாவப் போனால் ஒரு மாதத்தில் பத்துப் பேர் பழக்கமாகிவிடுகிறார்கள். மனிதரின் பெயர் தெரியாவிட்டாலும், "மணியோட அப்பா", "ஜிம்மியோட அம்மா" என்று நாயின் பெயரால் உறவு ஏற்பட்டுவிடுகிறது.

நல்ல கால்நடை மருத்துவர் யார் என்று ஒருவர் சொல்கிறார். உண்ணி போக என்ன மருந்து என்று இன்னொருவர் கேட்கிறார். ஊருக்குப் போகும்போது, "ரெண்டு நாள் எங்க நாயைப் பார்த்துக்கறீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு நெருக்கம் வளர்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, அன்றைக்கு யாரோடாவது பேச்சு என்பது அந்தக் காலை உலாவல்தான். ஒரு சண்டை வந்து அது நின்றுபோனால், அவர்களுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

யானை போன்றவரின் நட்பை விட்டுவிட்டு, நாய் போன்றவரின் நட்பைக் கொள்ள வேண்டும் என்று நாலடியார் சொல்கிறது. பல நாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, எஜமானர் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலை ஆட்டும் என்று அது காரணம் காட்டுகிறது.

அவ்வளவு பொறுமை உள்ள பிராணியை நாம் தெருவுக்கு அழைத்துப் போகிறோம். அதைப் பிடித்துக்கொண்டு போகிற நமக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டாமா?

நாளைக் காலையில் எதிரே ஒருவர் நாயோடு வருவார். "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லாதீர்கள். "வரலாமா, சார்?" என்று கேட்டுப் பாருங்கள்.